வடிவாம்பாளின் இடது கால் சிரை

நெரவியில் வடிவாம்பாள் வீட்டுக்கு வழி கேட்டால், "காலேஜில வேலை பாக்குமே, காலு வீங்கின அம்மா, அதுவா?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஐம்பத்திரண்டு வருஷம் ஒழுங்காக வாழ்ந்த ஒரு பெண்ணுக்கு ஊர் கொடுத்த பட்டம் அது. வடிவாம்பாள் அதற்குக் கோபப்பட்டதில்லை. அவளுக்குக் கோபம் வருவது வேறொரு கேள்விக்கு. "நரம்பு சுருட்டிக்கிச்சாமே?" என்று யாராவது துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டால் சீறிவிடுவாள்.

"அது நரம்பு இல்லைங்க. நரம்புல ரத்தம் ஓடாது. அது சிரை. காலுக்கு வந்த ரத்தத்தைத் திரும்ப நெஞ்சுக்குக் கொண்டு போற குழாய்."

கேட்டவர் பயபக்தியோடு தலையாட்டுவார். மறுவாரம் அவரே வந்து, "நரம்பு இப்ப தேவலையா?" என்பார். இந்த விஷயத்தில் ஊரைத் திருத்த முடியாது. வீட்டுக்காரர் சிவநாதனையே திருத்த முடியவில்லை. ஒன்பது மா நிலத்தில் எந்த மடையில் எவ்வளவு தண்ணீர் ஏறும் என்று விரலால் அளந்து சொல்கிற மனிதர், மனைவியின் காலில் ஓடுவது என்ன என்பதை மட்டும் கற்றுக்கொள்ள மறுத்துவிட்டார்.

அவளுடைய வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். காரைக்காலை ஒட்டி ஒரு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே முதல் வருஷப் பிள்ளைகள் மனித உடம்பை இரண்டு விதமாகப் படிக்கிறார்கள். ஒன்று, மேசையில் கிடத்தி அறுத்து. இன்னொன்று, நுண்ணோக்கிக்குக் கீழே ஒரு கண்ணாடித் துண்டில். அந்தக் கண்ணாடித் துண்டைத்தான் ஸ்லைடு என்கிறார்கள். ஸ்லைடு கடையில் காய்த்துத் தொங்குவதில்லை. ஒருத்தர் உட்கார்ந்து, இல்லை, நின்று செய்ய வேண்டும். இருபத்து மூன்று வருஷமாக அங்கே நின்று செய்தவள் வடிவாம்பாள்.

உடம்பிலிருந்து எடுத்த சிறு துண்டை மருந்தில் ஊறப்போட்டு இறுக வைப்பாள். அதிலிருக்கும் ஈரத்தை எடுத்துவிட்டு உருக்கின மெழுகில் முக்குவாள். பித்தளை அச்சில் நிறுத்தி மெழுகை ஊற்றிக் கட்டியாக்குவாள். பிறகு அந்தக் கட்டியைச் சீவும் எந்திரத்தில் பொருத்திக் கைப்பிடியைச் சுற்றினால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சீவல் விழும். ஒரு தலைமுடியைப் பருமனில் பதினைந்தாகப் பிளந்தால் எவ்வளவோ அவ்வளவு மெல்லிசு. சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நாடா மாதிரி நீளும். அதை வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, சுருக்கம் நீங்கியதும் கண்ணாடியில் ஏந்தி எடுத்து, நீலமும் ரோஜா நிறமுமாகச் சாயம் ஏற்ற வேண்டும். இதில் முக்கால்வாசி வேலை நின்றுகொண்டு செய்வது. நின்று நின்றுதான் கால் போயிற்று.

அவளுக்குப் பிடித்த பாடம் ரத்தக் குழாய். தமனியும் சிரையும், பிள்ளைகள் வாயில் ஆர்ட்டரியும் வெயினும், ஒரே மாதிரி மூன்று அடுக்குச் சுவர் உள்ளவை. உள்ளே மெல்லிய படலம், நடுவில் தசை, வெளியே நார். ஆனால் நெஞ்சிலிருந்து அடித்துத் தள்ளுகிற ரத்தத்தைத் தாங்க வேண்டிய தமனிக்கு நடுச்சுவர் கெட்டியாக, தசை வரிவரியாக நெருங்கிச் சுற்றியிருக்கும். அதற்கு உட்புறம் அலை அலையாக ஒரு கோடு தெரியும். சிரைக்கு அந்த அவசரம் கிடையாது. சுவர் தளர்ந்து, அநேகமாகச் சப்பையாகக் கிடக்கும். அதனுள் ரத்தம் கீழே திரும்பி விழாமல் இருக்க அங்கங்கே இரண்டு இதழ் வைத்த வால்வுகள் உண்டு. காலில் இருக்கும் பெரிய சிரை மட்டும் கொஞ்சம் விஷமம் பிடித்தது. ஆளின் எடையையெல்லாம் சுமக்கிற இடத்தில் இருப்பதால் அதன் சுவரும் தடித்துவிடும். வெளியே எடுத்ததும் இறுகிச் சுருங்கி வட்டமாக நின்று, தன்னைத் தமனி என்று காட்டிக்கொள்ளும்.

பிள்ளைகளிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஸ்லைடுகளின் மேல் நம்பர்தான் ஒட்டியிருக்கும், பெயர் இருக்காது. எந்த நம்பர் எது என்ற பட்டியல் சீனியரிடமிருந்து ஜூனியருக்கு வாட்ஸ்அப்பில் வழிவழியாக இறங்கும். ஏழு கல்லீரல், ஒன்பது சிறுநீரகம், பதினாலு தமனி. நுண்ணோக்கிக்குள் கண்ணை வைப்பதற்கு முன்னாலேயே விடை தயாராகிவிடும்.

"நாளைக்கு நோயாளிக்கும் நம்பர் ஒட்டி அனுப்பச் சொல்லுவாங்கபோல" என்று வடிவாம்பாள் முணுமுணுப்பாள். நம்பரை வருஷா வருஷம் மாற்றலாமே என்றால், அதை அவளும் செய்ததில்லை. இருநூறு ஸ்லைடுக்குப் புது நம்பர் ஒட்ட யாருக்குப் பொறுமை இருக்கிறது?

நாலு மாதத்துக்கு முன்னால் அவளுக்கு இடது காலில் அறுவை சிகிச்சை நடந்தது. வால்வு கெட்டுப்போய் ரத்தம் கீழேயே தேங்கி, கணுக்காலுக்கு மேல் புண் ஆறாமல் இருந்தது. கெட்டுப்போன சிரையை உருவி எடுப்பதென்று முடிவானபோது, டாக்டரிடம் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எடுக்கிறதைத் தூக்கிப் போட்டுடாதீங்க சார். ஒரு பாட்டில்ல போட்டுக் குடுங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். சிவநாதன் சிரிக்கவில்லை. "வெட்டி எடுத்ததை எவளாவது வீட்டுக்குக் கொண்டாருவாளா?" என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே சத்தம் போட்டார்.

"வீட்டுக்கு இல்லைங்க. ஆபீசுக்கு."

இருபத்து மூன்று வருஷம் அடுத்தவர் உடம்பை வெட்டியவளுக்குத் தன் உடம்பை ஒரு தடவை வெட்டிப் பார்க்க ஆசை. அதில் என்ன தப்பு? சிரையில் லேசாகப் புடைத்திருந்த ஒரு பகுதியைப் பார்த்து, வால்வு இருந்தால் அங்கேதான் இருக்கும் என்று, அந்த இடத்திலேயே ஒரு நகத்தளவு நறுக்கி மருந்தில் போட்டு வைத்தாள். வால்வு தெரியும்படி ஒரு நல்ல ஸ்லைடு அந்தக் கல்லூரியில் இல்லை.

அதே வாரம், சர்க்கரை நோயால் காலை எடுக்க வேண்டி வந்த ஒரு பெரியவரின் குடும்பம் சம்மதித்து எழுதிக் கொடுத்ததில், கெட்டியான ஒரு தமனித் துண்டும் வந்து சேர்ந்தது. இரண்டையும் ஒரே நாளில் மெழுகில் ஏற்றினாள். காலில் கட்டோடு வேலைக்கு வந்திருந்த முதல் வாரம் அது.

போன மாதம் பதினாலாம் நம்பர் ஸ்லைடை ஒரு பையன் லென்ஸை அழுத்தி உடைத்துத் தொலைத்தான். தேர்வுக்கு நாலு நாள் இருக்கும்போது வடிவாம்பாள் தட்டிலிருந்து தமனி என்று சீட்டுப் போட்ட கட்டியை எடுத்துச் சீவினாள். மடிப்பு இல்லை, கீறல் இல்லை, சாயம் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி பிடித்திருந்தது. திருப்தியாக நம்பரை ஒட்டினாள். அவள் ஒரு ஸ்லைடில் பார்ப்பது அவ்வளவுதான். பெயரைத்தான் சீட்டு சொல்லுகிறதே.

செய்முறைத் தேர்வுக்கு வெளியூர்க் கல்லூரியிலிருந்து டாக்டர் நவநீதன் வந்திருந்தார். துறைத் தலைவர் டாக்டர் தெட்சிணாமூர்த்தியும் அவரும் ஹாலின் நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். தேர்வாளர்கள் இருக்கும்போது டெக்னீசியன்கள் ஹாலில் உட்காருவதில்லை. சட்டமெல்லாம் கிடையாது, யாரும் உட்கார்ந்ததில்லை, அவ்வளவுதான். வடிவாம்பாளும் சுவரோரம் ஒரு காலில் பாரம் போட்டும் மறுகாலில் பாரம் போட்டும் காலையிலிருந்து நின்றாள்.

பன்னிரண்டு மணிக்கு அவள் வெளியே வந்தபோது கை கழுவும் இடத்தில் இனியா நின்று முகத்தில் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டிருந்தாள். பட்டினச்சேரிப் பெண். அப்பா காத்தமுத்து விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். அந்தத் தெருவிலிருந்து மருத்துவம் படிக்க வந்த முதல் பிள்ளை இவள்தான். கழுவக் கழுவ முகம் மறுபடி நனைந்துகொண்டிருந்தது.

"என்னம்மா, என்ன ஆச்சு?"

"ஸ்லைடு மேடம். வெயின்னு சொன்னேன். ஆர்ட்டரியாம். அடையாளமே தெரியலன்னா மேல என்ன கேக்கிறதுன்னு சார் எழுந்துக்கச் சொல்லிட்டாரு. சப்ளிமெண்டரியில பாக்கலாம்னாரு."

பதினைந்து மார்க் ஸ்லைடு அது. அது போனால் செய்முறையில் தேறாது, செய்முறையில் தேறாவிட்டால் பாடமே தேறாது, கூடப் படித்தவர்கள் இரண்டாம் வருஷம் போக இவள் மட்டும் பின்தங்க வேண்டியதுதான். மாலை ஐந்து மணிக்கு மதிப்பெண் பல்கலைக்கழகத்துக்குக் கணினியில் ஏறிவிடும். ஏறியது இறங்காது.

"எத்தனாம் நம்பர்?"

"பதினாலு."

வடிவாம்பாளுக்குச் சுருக்கென்றது. "பதினாலு ஆர்ட்டரிதாம்மா. நானே வெட்டினது. நான் போட்ட லேபிளு இத்தனை வருஷத்துல ஒண்ணு தப்பினதில்லை."

"தெரியும் மேடம். பட்டியல்லயும் ஆர்ட்டரின்னுதான் இருந்திச்சு." இனியா துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். "ஆனா உள்ள பாத்தா அப்படி இல்லையே. தசை நெருக்கமா இல்லாம கொத்துக் கொத்தாப் பிரிஞ்சி, நடுவுல நாரு ஓடுது. சுவத்துக்குள்ளயே குட்டிக் குட்டி ரத்தக் குழாய் பாதி தூரம் வரைக்கும் உள்ள வந்திருக்கு. ஆர்ட்டரியில அது வெளிச்சுவரோட நின்னுடும்னு படிச்சேன். பாத்ததைத்தானே மேடம் சொல்லணும்?"

குழாயை மூடிவிட்டு அவளே சொன்னாள்: "இனிமே பட்டியலையே சொல்லிடுறேன். என் கண்ணு சரியில்லைபோல."

வடிவாம்பாள் ஆய்வகத்துக்குள் போனாள். நியாயம் தேடிப் போனாள் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் அவள் போனது அந்தப் பெண் சொன்னது தப்பு என்று தனக்குத் தானே காட்டிக்கொள்ள. தட்டில் சிரை என்று சீட்டுப் போட்ட இன்னொரு கட்டி இன்னும் வெட்டப்படாமல் இருந்தது. அதை வெட்டிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது எது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்துவிடும். கட்டியைப் பொருத்திக் கைப்பிடியைச் சுற்றினாள்.

மூன்றாவது சுற்றில் கத்தி 'கரக்' என்றது. நாலாவதில் மறுபடியும். நாடா நடுவில் கிழிந்து விழுந்தது.

கை அப்படியே நின்றுவிட்டது. சோற்றில் கல் கடிபடுகிற அந்தச் சத்தம் அவளுக்கு அத்துப்படி. சுண்ணாம்பு. வயதான சர்க்கரை நோயாளியின் தமனிச் சுவரில் படிகிற சுண்ணாம்பு. அவள் காலில் இருந்து எடுத்த சிரையில் அது இருக்க வழியே இல்லை.

அப்படியானால் இந்தக் கட்டிதான் பெரியவரின் தமனி. தமனி என்று சீட்டுப் போட்ட அந்தக் கட்டி, இனியாவின் பதினைந்து மார்க்கை விழுங்கிய அந்தப் பதினாலாம் நம்பர், வடிவாம்பாளின் சொந்தக் கால்.

எப்படி மாறிற்று என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மெழுகு ஊற்றும் மேசையில் அவளுக்கு ஒரு முறை உண்டு. உதவியாளர் ரோஷன் பேகம் தமனியை இடது பக்கமும் சிரையை வலது பக்கமும் வைப்பாள். வடிவாம்பாள் அச்சில் ஏற்றி, மெழுகு இறுகினபின் சீட்டைச் சொருகுவாள். முதலில் சீட்டை எழுதி வைக்க வேண்டும் என்பதுதான் விதி. இருபத்து மூன்று வருஷக் கைப்பழக்கம் இருக்கும்போது விதி எதற்கு? கட்டுப் போட்ட காலைத் தூக்கி வைக்கும்படி டாக்டர் சொல்லியிருந்ததால், அந்த ஒரு வாரம் அவள் மேசைக்கு மறுபக்கம், ஜன்னலோரப் பெஞ்சில் கால் நீட்டி உட்கார்ந்து வேலை பார்த்தாள். ரோஷன் பேகம் வழக்கம்போலத் தன் பக்கத்திலிருந்து வைத்தாள். எதிர்ப்பக்கம் இருந்தவளுக்கு இடது வலதாகிப் போயிற்று. அதை நினைத்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

முதலில் வந்தது வெட்கம். அடுத்து பயம். அதற்கும் அடுத்து வந்ததை மறைப்பானேன், ஒரு யோசனையும் வந்தது. இரண்டு கட்டியையும் உருக்கிவிட்டால் யாருக்குத் தெரியும்? இரண்டு மாதத்தில் சப்ளிமெண்டரி வருகிறது. கெட்டிக்காரப் பெண், எழுதித் தேறிவிடுவாள். அப்படியே நினைத்துக்கொண்டு கட்டியைக் கையில் வைத்து உருட்டினாள். ஆனால் 'என் கண்ணு சரியில்லைபோல' என்ற வார்த்தை காதை விட்டுப் போகவில்லை. அந்த ஹாலில் அன்று கண்ணைத் திறந்து பார்த்தது அந்தப் பெண் ஒருத்திதான். வெட்டியவள் பார்க்கவில்லை, தேர்வாளர்கள் பார்க்கவில்லை. பார்த்தவளை இவர்கள் எல்லாருமாகச் சேர்ந்து குருடாக்கி அனுப்பப் போகிறார்கள்.

துறைத் தலைவர் தெட்சிணாமூர்த்தி தயிர்சாதத்தில் கை வைத்திருந்தார். எதிரே நவநீதன். வடிவாம்பாள் கதவருகே நின்றே சொல்லி முடித்தாள். மேசை, பெஞ்சு, கால்கட்டு, கத்தியின் சத்தம், எல்லாம்.

தெட்சிணாமூர்த்தி சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "வடிவாம்பாள், என்ன பேசுறீங்க? நானும்தான் அந்த ஸ்லைடைப் பாத்தேன்."

"பாத்தீங்க சார். லேபிளு நான் போட்டதுன்னு நம்பிப் பாத்தீங்க."

அது கொஞ்சம் அதிகம்தான். தலைவரின் முகம் சிவந்தது. நவநீதன் கையை உயர்த்தினார். "இருங்க சார். ஏம்மா, வட்டமா நிக்கிது, சுவரு தடிமனா இருக்கு, நடுவுல அவ்வளவு தசை. இருபது வருஷமா பாடம் நடத்துறேன். கத்தி சத்தம் போட்டுச்சுன்னு நீங்க சொல்றதுக்காக நான் மார்க்கைத் திருத்த முடியுமா? உள்ளூர்ப் பொண்ணுக்கு இரக்கப்பட்டு சொல்றீங்கன்னு நாளைக்கு யாராவது கேட்டா?"

கேட்டது நியாயமான கேள்வி. வடிவாம்பாளுக்கும் அது தெரிந்தது.

"எலாஸ்டிக் சாயம் போட்டுப் பாக்கலாமா?" என்றார் தெட்சிணாமூர்த்தி. தமனியின் உட்கோட்டைக் கறுப்பாக எடுத்துக் காட்டும் சாயம் அது.

"போட்டாலும் வழக்கு தீராது சார். காலு வெயின்ல அந்தக் கோடு அரைகுறையா விழும். இருக்குன்னு ஒருத்தர் சொல்லலாம், இல்லைன்னு ஒருத்தர் சொல்லலாம்." அவள் கதவை விட்டு ஓரடி உள்ளே வந்தாள். "வால்வு காட்டினா ஒத்துக்குவீங்களா சார்?"

நவநீதன் அவளை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். "காலு ஆர்ட்டரியில வால்வு கிடையாது. அதே கட்டியிலேந்து காட்டினீங்கன்னா நான் வாயைத் திறக்கல. ஆனா நாலரைக்குள்ள காட்டணும். ஆறு மணிக்கு எனக்கு திருச்சி வண்டி."

மணி ஒன்றே கால். வடிவாம்பாள் சாப்பாட்டுக் கூடையைத் திறக்கவே இல்லை. ரோஷன் பேகத்தைக் கூப்பிட்டுச் சாயத் தொட்டிகளைத் தயார் பண்ணச் சொன்னாள். தன் காலை எந்திரத்தில் பொருத்திச் சுற்ற ஆரம்பித்தாள்.

மெழுகுக்குள் நின்றிருந்த சிரையின் நீளம் நாலு மில்லிமீட்டர் இருக்கும். புடைப்பு இருந்த இடத்தைத்தான் நறுக்கினாள் என்றாலும், வால்வு அதன் எந்த முனையில் இருக்கிறதோ, அல்லது ஒரு இழை தள்ளி வெளியிலேயே நின்றுவிட்டதோ, வெட்டாமல் தெரியாது. வெட்டினது திரும்ப ஒட்டாது. கட்டி தீர்ந்தால் கதை தீர்ந்தது. முப்பது சீவலுக்கு ஒரு சீவலை எடுத்துக் கண்ணாடியில் ஏந்தி, சாயம் போடாமலே நுண்ணோக்கியின் வெளிச்சத்தைக் குறைத்துவைத்துப் பார்த்தாள். வட்டம். வெறும் வட்டம். மறுபடி முப்பது. மறுபடி வட்டம்.

இரண்டரை மணிக்குக் கைபேசி அடித்தது. சிவநாதன்.

"சாப்டியா? நரம்பு எப்படி இருக்கு?"

"நரம்பு இல்லைங்க அது!" என்று அவள் போட்ட சத்தத்தில் ரோஷன் பேகம் குடுவையைக் கீழே போடப் பார்த்தாள். "அதைத்தான் வெட்டிக்கிட்டிருக்கேன். பொறவு பேசுறேன்."

மறுமுனையில் அந்த மனிதர் என்ன நினைத்தாரோ!

மூன்று மணிக்குக் கட்டியில் பாதிக்கு மேல் போய்விட்டது. அவளுக்கு அழுகை வந்தது. தப்புப் பண்ணியவள் மாட்டிக்கொள்வது நியாயம். தப்புப் பண்ணாத பெண் மாட்டிக்கொள்வதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? இருபது வருஷமாக இந்தக் காலைத் திட்டித் தீர்த்திருக்கிறாள். இப்போது அதனிடம் கெஞ்சினாள். ஒரு தடவையாவது உபயோகமாக இரு என்று வாய்விட்டே சொன்னாள்.

மூன்று பத்துக்கு எடுத்த சீவலில் வட்டத்தின் உள் ஓரத்தில் ஒரு மயிரிழை எழும்பி நின்றது. தூசியாக இருக்கும் என்று நினைத்தாள். அடுத்த பத்துச் சீவலில் அது நீண்டது. எதிர் ஓரத்திலும் ஒன்று. இரண்டும் சுவரிலிருந்து கிளம்பி உள்ளே வளைந்தன. ஒன்று சிலந்தி நூல்போல மெலிந்து நீளமாக இருந்தது. மற்றது தடித்துச் சுருங்கிக் குட்டையாக, எதிர் இதழை எட்டாமல் நின்றது. நடுவில் இடைவெளி. இத்தனை வருஷமும் ரத்தம் கீழே ஒழுகிய ஓட்டை.

ரோஷன் பேகம் எட்டிப் பார்த்தாள். "யா அல்லா, இதுதானா வடிவக்கா உங்களை இந்தப் பாடு படுத்தினது?"

நாலு பத்துக்குச் சாயம் ஏறிய ஸ்லைடு தேர்வு ஹாலின் மேசைக்குப் போயிற்று. தெட்சிணாமூர்த்தி பார்த்துவிட்டு எதிரே தள்ளி வைத்தார். நவநீதன் நிறைய நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார்.

"வெயின்தான்," என்றார். பிறகு, "ஆனா நான் சும்மா மார்க்கைத் தூக்கிப் போட மாட்டேன். அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்க. காலையில பாத்த ஸ்லைடையே மறுபடி பாத்துச் சொல்லட்டும்."

இனியா வந்தாள். கண் வீங்கியிருந்தது. எதற்குக் கூப்பிட்டார்கள் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. காலையில் வைத்த அதே பதினாலாம் நம்பர் மேசையில் இருந்தது. அவள் நம்பரைப் பார்த்தாள். நவநீதனின் முகத்தைப் பார்த்தாள். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து உடனே எடுத்தாள்.

"மஸ்குலர் ஆர்ட்டரி, சார்."

வடிவாம்பாளுக்குக் காலிலிருந்து தலை வரைக்கும் சூடு ஏறியது. தேர்வு நடக்கும்போது டெக்னீசியன் வாயைத் திறக்கக் கூடாது. அவள் சுவரை விட்டு நகர்ந்து நேரே மேசைக்கு வந்தாள். ஸ்லைடை உருவினாள். ஒட்டியிருந்த நம்பரை நகத்தால் சுரண்டி எடுத்துக் கசக்கிப் போட்டாள். வெறும் கண்ணாடியைத் திரும்ப வைத்தாள்.

"இப்ப பாரும்மா. நம்பரும் இல்லை, பட்டியலும் இல்லை. இது என் காலு. எனக்கு ஆபரேஷன் பண்ணி எடுத்தது. என்னன்னு நீ பாத்துச் சொல்லு."

தெட்சிணாமூர்த்தி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நவநீதன் அவர் கையைத் தொட்டு நிறுத்தினார்.

இனியா இந்தத் தடவை அவசரப்படவில்லை. திருகைத் திருப்பி, கண்ணாடியை இப்படியும் அப்படியும் நகர்த்தி, சுவரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "வெயின் மேடம்," என்றாள். தேர்வாளர்கள் பக்கம் அவள் திரும்பவே இல்லை. கை கழுவும் இடத்தில் சொன்ன காரணங்களை ஒவ்வொன்றாக, குரல் நடுங்காமல் சொன்னாள். நவநீதன் இரண்டாவது ஸ்லைடை வைத்தார்.

"இது?"

"அதே வெயின்தான் சார். வால்வு வருது." அவள் இன்னும் குனிந்தாள். "ரெண்டு இதழ் இருக்கு. ஒண்ணு சுருங்கிப்போச்சு, மத்ததைத் தொடலை. மூடவே மூடாது." திடீரென்று கண்ணை எடுத்து வடிவாம்பாளின் காலைப் பார்த்தாள். "மேடம், உங்களுக்கு நின்னா ரொம்ப வலிச்சிருக்குமே."

இருபத்து மூன்று வருஷத்தில் அவள் எத்தனை ஆயிரம் ஸ்லைடு செய்திருப்பாள்! அதற்குள் பார்த்துவிட்டு ஒரு ஆளைப் பற்றி யாரும் பேசியதில்லை. கல்லீரல் என்பார்கள், சிறுநீரகம் என்பார்கள், நம்பர் சொல்வார்கள். வடிவாம்பாள் தலையை மட்டும் ஆட்டினாள்.

நவநீதன் மதிப்பெண் தாளில் ஒரு எண்ணை அடித்து வேறொன்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். தெட்சிணாமூர்த்தியும் போட்டார். "சீட்டை முதல்ல எழுதுங்க, பொறவு மெழுகை ஊத்துங்க," என்று அவளிடம் சொல்லவும் மறக்கவில்லை. அவள் சரி சார் என்றாள்.

இனியா அதையெல்லாம் கவனித்ததாகத் தெரியவில்லை. தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலை இழுத்து வடிவாம்பாளின் பின்னால் போட்டாள்.

"உக்காருங்க மேடம். காலையிலேந்து நிக்கிறீங்க."

வடிவாம்பாள் இரண்டு தேர்வாளர்களையும் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள்.